முட்டை ஒத்துக்கொள்ளுமா?

ஆவணி 20, வெள்ளி

எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். என் மகன் பேர் குற்றாலம். அவன் பையன் தாணு மதுரையில் டாக்டருக்குப் படிக்கிறான், நாலாம் வருசம். போன பரீட்சையில் வகுப்பிலேயே மூன்றாவது. மகள் வீட்டுப் பேத்தி நாச்சியார் பாங்கு பரீட்சையை முதல் தடவையிலேயே முடித்துத் தென்காசியில் வேலை பார்க்கிறாள். இருபத்துமூன்று வயதில் கையெழுத்துப் போட்டால் லட்சக்கணக்கில் பணம் நகர்கிறது. அவள் தம்பி மாவட்டத்துக்கே கேரம் சாம்பியன். கோப்பை இங்கே பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் தூசி படியும் என்று நான்தான் வாங்கி வந்தேன்.

தாணுவின் அக்கா கப்பலில் இருக்கிறாள். பெரிய உத்தியோகம்.

அஞ்சாம் வகுப்பு படித்த எனக்கு நோட்டு எழுதும் வேலை எப்படி வந்ததென்றால், தாணு போனில் சொன்னான்: "ஆச்சி, ஊசி போடுறதுக்கு முன்னாடி, பின்னாடி உடம்பு எப்படி இருக்குன்னு தேதி போட்டு எழுதி வையுங்க. ஒண்ணையும் மறைக்கக் கூடாது. நான் வந்து படிப்பேன்." அவன் படிக்கப்போகிற நோட்டு என்பதால் என் வீட்டுக்காரர் அணைந்தபெருமாள் பிள்ளையைத் தாத்தா என்றே எழுதுகிறேன்.

ஊசி எதற்கென்றால், கப்பல் பேத்தி எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். ஐப்பசி 5-ஆம் தேதி கொச்சியில் ஏற வேண்டும். மாலத்தீவு, அப்புறம் ஏதோ தீவுகள், ஆப்பிரிக்காவில் மொம்பாசா, திரும்பக் கொச்சி. கூடவே ஒரு கடிதம். "தாத்தா, அடுத்த வருசம் என்னை வேற கடலுக்கு மாத்திருவாங்க. இந்தப் பயணத்துக்கு வாங்க. ஆச்சி வந்தா வரட்டும். வரலைன்னா இனி நான் கூப்பிட மாட்டேன்."

கடிதம் தாத்தா பேருக்குத்தான் வந்தது. கப்பலில் வேலை அதிகம். இரண்டு கடிதம் எழுத நேரம் இருக்காது.

உடம்பு நன்றாக இருக்கிறது. மதியம் கீரைத்தண்டுப் புளிக்கூட்டு.

ஆவணி 22, ஞாயிறு

கப்பல் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய தாளைத் தாத்தா படித்துச் சொன்னார். அறுபது வயதைத் தாண்டிய பயணிகள் தங்கள் டாக்டரைப் பார்த்து எந்தெந்த ஊசி வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டுமாம். சளிக்காய்ச்சலுக்கு ஒன்று, நிமோனியாவுக்கு ஒன்று, டைபாய்டுக்கு ஒன்று, அக்கிக்கு ஒன்று. அக்கி வந்தால் பானை செய்கிற வேளார் வீட்டுக்குப் போய்க் கொப்புளத்தின் மேல் காவி எழுதிக்கொள்வதுதான் எனக்குத் தெரியும். அதற்கும் ஊசி வந்துவிட்டது.

இதெல்லாம் அவரவர் விருப்பம். ஆனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் கட்டாயம். அது போட்டதற்கு ஒரு மஞ்சள் புத்தகம் கொடுப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் புத்தகம் செல்லும். புரட்டாசி 15-க்குள் செல்லுபடியான புத்தகத்தைக் காட்டாதவர்களுக்குக் கப்பலில் இடம் இல்லை.

தாணுவிடம் கேட்டேன். "மஞ்சக் காமாலைன்னா கீழாநெல்லி இருக்கே."

"ஆச்சி, அது வேற, இது வேற. இது கொசு கடிச்சு வாரது. நம்ம ஊர்ல கிடையாது. அங்கன இருக்கு."

"அப்ப போட்டுட்டாப் போச்சு."

"அவ்வளவு லேசில்ல. அறுபதுக்கு மேல அந்த ஊசிய யோசிச்சுத்தான் போடணும். உங்களுக்கு அறுபத்தெட்டு."

அறுபத்தேழு என்று திருத்தினேன்.

ஆவணி 24, செவ்வாய்

குற்றாலம் போன் பண்ணினான். "எம்மா, இந்த வயசுல என்னத்துக்கு ஆப்பிரிக்கா? கடல்தான் பாக்கணும்னா திருச்செந்தூருக்குக் கார்ல கூட்டிட்டுப் போறேன்." போனைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

ஆவணி 25, புதன்

டாக்டர் பிரிசில்லாவைப் பார்த்தோம். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி பக்கம் கிளினிக் வைத்திருக்கிறது. சின்னப் பெண்தான், ஆனால் எதையும் அவசரமாகச் சொல்லாது. தாளை வாங்கி ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தது. சளிக்காய்ச்சலும் நிமோனியாவும் கட்டாயம் போடுங்கள், ஆயிரம் பேர் ஒரே கூரைக்குள் இருமுகிற இடம் என்றது. டைபாய்டும் போடலாம். அக்கி ஊசி நல்லதுதான், ஆனால் இந்தப் பயணத்துக்கென்று அவசரம் இல்லை, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். கப்பலில் வாந்தி பேதி பரவினால் அதற்கு ஊசி கிடையாது, சோப்பு போட்டுக் கை கழுவுவதுதான் மருந்து என்றது.

அப்புறம் மஞ்சள் காய்ச்சலுக்கு வந்தது. தாத்தாவின் மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டது. மூட்டு வீக்கத்துக்காக அவர் ஒரு வருசமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்.

"ஐயா, உங்களுக்கு இந்த ஊசி கூடவே கூடாது. இதுல உயிருள்ள கிருமிய மயக்கி வச்சிருக்கு. உங்க உடம்புல அது முழிச்சுக்கிடும்."

"போட வேண்டாம்னு ஒரு சீட்டு எழுதித் தர முடியாதா?"

"எழுதலாம். ஆனா சீட்டு இருக்கேன்னு கொசு கடிக்காம விடாதே ஐயா."

தாத்தா சிரித்தார். சிரித்துவிட்டு வெகுநேரம் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது முகத்தில்தான் இருந்தது.

எனக்குச் சர்க்கரை கொஞ்சம், அது கட்டுக்குள் இருக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை. "வயசானவங்களுக்கு லட்சத்துல ஓரிருவருக்கு இந்த ஊசி பெரிய கெடுதல் பண்ணும்மா. அந்த ஒருத்தர் யாருன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. கொசுவும் எல்லாரையும் கடிச்சிராது. ரெண்டையும் எடை போடணும். நீங்க போயே ஆகணுமா?"

"போகணும்."

"சரி. முட்டை ஒத்துக்கொள்ளுமா?"

ஊசி மருந்தை முட்டைக்குள் வைத்துத்தான் வளர்க்கிறார்களாம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போட்டால் தொண்டை வீங்கி மூச்சே அடைக்கலாமாம்.

"நாங்க சைவம்," என்றேன்.

"சாப்பிட்டதே இல்லையா?"

"ஏழு தலைமுறையாக் கிடையாது."

"சரி, கேக்கு, முட்டை போட்ட பிஸ்கட்டு?"

"கேக்கெல்லாம் நம்ம வீட்டுல யாரு திங்கா?"

தாத்தா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் "முட்டை: தெரியவில்லை" என்று எழுதியது. தெரியாமல் போட மாட்டார்கள், தோலில் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் அந்தச் சோதனைக்குத் தேதி கிடைக்க இரண்டு வாரம் ஆகும் என்றது. "அதுக்காக வீட்டுல தானா முட்டைய அவிச்சுத் தின்னு பாத்துராதீங்க."

இரண்டு கையிலும் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.

ஆவணி 26, வியாழன்

இரண்டு கையும் கனக்கிறது. காய்ச்சல் இல்லை. தலை வாரத் தூக்க முடியவில்லை. தாத்தா தோசைக்கு அரைத்தார், மாவு நறநறவென்று இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஆவணி 28, சனி

மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் போடுவார்கள், வியாழக்கிழமை மட்டும். நான் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். புரட்டாசி 2 ஒரு வியாழன். அன்றைக்குப் போட்டால் 12-ஆம் தேதி புத்தகம் செல்லும். அடுத்த வியாழன் 9. அன்றைக்குப் போட்டால் 19. கம்பெனி கெடு முடிந்துவிடும். ஆகவே ஒரே ஒரு வியாழன்தான் இருக்கிறது.

காலையில் தாத்தா திடீரென்று, "ஏளா வடிவு, நீ மட்டும் போயிட்டு வா," என்றார்.

"நான் ஒத்தைக்கு சங்கரன்கோயிலுக்குக்கூடப் போனதில்ல. உங்களுக்கு யாரு சோறு பொங்குவா?"

"பதினைஞ்சு நாளைக்கு மெஸ்ல எடுத்துக்கிடுதேன். அவ கூப்பிட்டது உன்னைத்தான்."

"கடுதாசி உங்க பேருக்குல்லா வந்திருக்கு."

"பேரு என்னது. விசயம் உனக்கு."

எதிர் வீட்டு லோகா மைனி அந்த நேரம் பார்த்து வந்தாள். கப்பலில் பேத்தி என்ன உத்தியோகம் என்று மறுபடியும் கேட்டாள். ஆபீசர் என்றேன். என்ன ஆபீசர் என்றாள். "கப்பல்ல எல்லாம் கலந்துதான் இருக்கும் மைனி," என்றேன். வத்தல் காய்கிறதா என்று பார்க்க மாடிக்குப் போய்விட்டேன்.

ஆவணி 31, செவ்வாய்

தாணு படிப்பான் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவன் அக்கா கப்பலில் சமையல்காரி. கேக்கு, ரொட்டி, இனிப்பு வகையறா எல்லாம் அவள் கைதான். ஒரு நாளைக்கு அறுநூறு முட்டை உடைக்கிறாளாம். இது தாணுவுக்குத் தெரியும், இந்தத் தெருவுக்குத் தெரியாது.

அவளுக்கு என் பேர்தான். சங்கரவடிவு. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதென்று வீட்டில் பாப்பா ஆகிவிட்டாள். நாலு வருசத்துக்கு முன் தாத்தாவின் எழுபதாவது வயது விசேசத்துக்கு வந்திருந்தாள். கேட்டரிங் படித்து முடிக்கிற நேரம். ஓமம் முடிந்து பந்தி ஆரம்பித்தபோது எனக்குத்தான் முதலில் என்று ஒரு தட்டில் கேக்கு கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். அப்புறம் யாரோ, "பாப்பா, முட்டை போட்டியா?" என்று கேட்டார்கள். "ஆமா, போடாம எப்படி மெத்துனு வரும்?" என்றாள், சிரித்துக்கொண்டே.

பந்தியில் ஐம்பது பேர். எல்லார் முன்னாலும் சொன்னேன். "முட்டை உடைச்ச கையோட என் அடுக்களைக்குள்ள வராதே." அவள் சாயங்காலப் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டு நடையை மிதிக்கவில்லை.

வாயில் இருந்ததைத் துப்பிவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். மீதியை மாட்டுக்குப் போட்டாயிற்று.

புரட்டாசி 1, புதன்

பின் வீட்டு கிரேசியிடம் ஒரு அவித்த முட்டை கேட்டேன். ஊசிக்கு முன்னால் தின்று பார்த்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னால் ஒத்துக்கொள்வார்களே என்று ஒரு கணக்கு. கிரேசி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்க வேதக்காரங்களத் தவிர எல்லாரும் புரட்டாசி பொறந்தா கவுச்சிய நிறுத்துவாங்க. நீங்க என்ன, புரட்டாசி ஒண்ணாந்தேதி பாத்து ஆரம்பிக்கிய?"

"மருந்துக்குத்தாம்ட்டி."

"டாக்டரம்மா தானாத் திங்கக் கூடாதுன்னாங்கல்லா, நீங்கதான சொன்னிய? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பிள்ளைமாரு வீட்டம்மாவ முட்டை குடுத்துக் கொன்னுட்டான்னு என் பேருல்லா வரும். நான் தர மாட்டேன்."

நல்ல பெண். வெறுங்கையோடு வந்தேன்.

புரட்டாசி 2, வியாழன்

காலை ஆறரை பஸ்ஸில் தூத்துக்குடி போனோம். தாத்தா துணைக்கு வந்தார். துறைமுகத்துச் சுகாதார ஆபீசில் பெஞ்சு நிறைய இளவட்டங்கள், எல்லாரும் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு குப்பி மருந்தை உடைத்தால் பத்துப் பேருக்குப் போட்டுவிட வேண்டுமாம், அதனால்தான் கூட்டமாக வரச் சொல்கிறார்கள். ஒருத்தன் எனக்கு இடம் விட்டு எழுந்து, "பாட்டி, நீங்க எந்தக் கப்பல்ல வேலை?" என்றான். பெஞ்சே சிரித்தது. "உன் கப்பலுக்கு நான்தாம்ல கேப்டன்," என்றேன்.

துறைமுக டாக்டர் நரைத்த மனிதர். பிரிசில்லாவின் சீட்டைப் படித்தார். என் வயதைக் கேட்டார், என்ன மாத்திரை என்று கேட்டார், கழுத்து நெஞ்சில் எல்லாம் ஆபரேசன் உண்டா என்று கேட்டார். கடைசி வரிக்கு வந்ததும் சீட்டை என் பக்கம் தள்ளினார்.

"முட்டை தெரியலைன்னு போட்டிருக்கே. இதைத் தெரியாம நான் போட முடியாதும்மா. சோதனை பண்ணிட்டு அடுத்த வியாழன் வாங்க."

"அடுத்த வியாழன் வந்தாக் கப்பல் இல்ல சார்."

"கப்பல் போனா அடுத்த கப்பல். உயிரு அப்படியா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பின்னால் வரிசையில் பன்னிரண்டு பையன்கள். பக்கத்தில் தாத்தா. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"முட்டை ஒத்துக்கொள்ளும் சார்."

"எப்படித் தெரியும்?"

"கேக்கு தின்னுருக்கேன்."

"எவ்வளவு? ஒரு வாயா?"

"முதல்ல ரெண்டு துண்டு. அது முட்டைன்னு தெரியாம."

"அப்புறம்?"

"அப்புறம் தெரிஞ்சு, ஏழு துண்டு."

டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார். "எத்தனை நாள்ல?"

"மூணு நாள்ல. சாமான் ரூம்ல அரிசி டிரம்முக்குப் பின்னால வச்சிருந்தேன். எல்லாரும் தூங்குன பிறகு ஒண்ணு, விடியுமுன்ன ஒண்ணு. கடைசி நாளு கூட ஒண்ணு."

"அரிப்பு, தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சு முட்டல், ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. ரொம்ப நல்லா இருந்தது."

அதைக் கேட்காமலேயே சொல்லிவிட்டேன். நாலு வருசமாக அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய சொல்லை முன்பின் தெரியாத ஒரு டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "இத அந்த டாக்டரம்மாகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"ஐம்பது பேரு முன்னால முட்டைக்குச் சத்தம் போட்டவ நான் சார். எந்த முகத்தோட சொல்லுவேன்?"

அறுபதுக்கு மேல் இந்த ஊசியால் அபூர்வமாக என்னென்ன வரலாம் என்பதை அவரும் ஒரு தடவை சொன்னார். தாத்தாவைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். தாத்தா, "கையெழுத்து அவ போடுதா. அவளக் கேளுங்க," என்றார். நான் போட்டேன். சங்கரவடிவு என்று முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக.

ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். எனக்கு இடம் விட்ட பையன் ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். நான் கேப்டன் என்ற முறையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்புகிற பஸ்ஸில் தாத்தா டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். என்ன சொல்வாரோ என்று ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். கடைசியில் சொன்னார்.

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கலாம்லா. என் பொறந்தநாளு."

புரட்டாசி 3, வெள்ளி

ஊசி போட்ட இடத்தில் லேசான சிவப்பு. வேறொன்றும் இல்லை. தாணு, முந்தின பக்கத்தையும் நீ படிக்கலாம்.

புரட்டாசி 6, திங்கள்

காய்ச்சல் நூறு. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காய்ச்சலோடு விடாத வாந்தி, கண் மஞ்சள், பேச்சுத் தடுமாற்றம், இதில் ஏதாவது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை கண்ணாடியில் கண்ணைப் பார்க்கிறேன். தாத்தா என் பேச்சைச் சோதிக்கிறேன் என்று பேரன் பேத்தி பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்கிறார். சொன்னேன், அவரவர் மார்க்கோடு. "தெளிவாத்தான் இருக்கா," என்றார்.

குற்றாலம் போனில் கத்தினான். "நான் அப்பவே சொன்னேம்லா. பாப்பாவுக்காக நீ எதுக்கு உசிர விடணும்?"

"அவளுக்காக இல்லடா. நான் சொன்ன ஒரு சொல்லுக்காக. அத நான்தான் போய் எடுக்கணும், நீ போய் எடுக்க முடியாது."

ரசம் சாதம் கொஞ்சம் சாப்பிட்டேன்.

புரட்டாசி 8, புதன்

காய்ச்சல் இல்லை. கண் வெள்ளை. நாலு கரண்டி சோறு இறங்கியது. டாக்டர் பிரிசில்லாவிடம் சொன்னேன், இன்னும் ஒரு வாரம் கவனிக்கச் சொன்னது.

புரட்டாசி 11, சனி

லோகா மைனி வாசலில் கோலப்பொடி வாங்கிக்கொண்டிருந்தாள். நானே போய்ச் சொன்னேன். "மைனி, எங்க பாப்பா ஆபீசர் இல்ல. சமையல். கேக்கு செய்யுதா. முட்டை போட்டுத்தான்."

மைனி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆபீசருன்னியே?"

"பொய் சொன்னேன்."

"எத்தனை பேருக்குச் செய்வா?"

"ஆயிரம் பேருக்கு."

"ஆயிரம் பேருக்கா," என்றாள். பொடிக்காரனிடம் மீதிச் சில்லறை வாங்க மறந்து நின்றாள். "நம்ம வீட்டுல நாலு பேருக்குச் செய்யவே எனக்குக் கை வலிக்கி."

புரட்டாசி 12, ஞாயிறு

இன்று முதல் மஞ்சள் புத்தகம் செல்லும். தாணு வந்திருந்தான். புத்தகத்தைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினான். தாத்தாவால் வர முடியாது என்பதையும் எழுதினான். இந்த நோட்டை முழுக்க உட்கார்ந்து படித்தான். ஏழு துண்டு என்ற இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தான், பக்கத்தைத் திருப்பினான். கொச்சிவரை அவன்தான் கூட வருகிறான்.

சாயங்காலம் பாப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். கொச்சி ஆபீஸ் விலாசத்துக்கு எழுதினால், கப்பல் அங்கே வரும்போது கொடுத்துவிடுவார்களாம். நாலு தாள் கிழித்த பிறகு வந்தது இது. தபாலில் சேர்க்குமுன் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"பாப்பாவுக்கு, ஆச்சி எழுதுவது. தாத்தாவுக்கு ஊசி போடக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் வருகிறேன். நீ கூப்பிட்டதற்காக வரவில்லை, நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காக வருகிறேன். அதை இந்தக் கடிதத்தில் எழுதினால் நான் தப்பித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆயிரம் பேர் சாப்பிடுகிற இடத்தில், உன் கூட வேலை செய்கிறவர்கள் முன்னால், சத்தமாகச் சொல்வேன். மொழி தெரியாதவர்களுக்கு நீ அர்த்தம் சொல். என் பங்கில் ஒரு துண்டைத் தாத்தாவுக்குக் கொண்டுபோகக் கட்டித் தர வேண்டும், பதினைந்து நாள் கெடாதபடி எப்படிச் செய்வதென்று நீதான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த வீட்டில் உன்னுடைய போட்டோ ஒன்றுகூட மாட்டவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மாட்டியிருக்கிறது. போனில் அனுப்பாதே, தாத்தாவுக்கு அதைத் திறக்கத் தெரியாது, தெருவில் நாலு பேருக்குக் காட்டவும் முடியாது. கப்பல் அடுக்களையில் நின்று, தலையில் அந்த வெள்ளைக் குல்லா வைத்து, கையில் முட்டை இருந்தால் முட்டையோடு, புதுசாக ஒரு போட்டோ எடு. காகிதத்தில் பெரிசாகப் போட்டு, நான் கிளம்புவதற்கு முன்னால் வந்து சேரும்படி தபாலில் அனுப்பு."